அந்நிய தேசத்திற் களவு கொடுத்தால்

(இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம்மிடையே தனியாக இந்தியாவுக்குப் போக எண்ணுவோர் பலர். ஒருவர் படிப்புக்காக, ஒருவர் வைத்தியத்துக்காக, ஒருவர் தல யாத்திரைக்காக. பலாலியிலிருந்து சென்னைக்கு 2019இல் விமானமும், காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்கு 2023இல் கப்பலும் விடப்பட்ட பின்னர் இந்த எண்ணம் இன்னும் வலுத்திருக்கிறது. புறப்படும் பிள்ளையின் நெற்றியில் நீறு பூசி, "தம்பி, சாமான் கவனம்" என்று சொல்லி வழியனுப்புகிறோம். கவனமாயிருந்தும் களவு போய்விட்டால் அடுத்த நிமிடம் என்ன செய்வது என்பதை ஒருவரும் சொல்லி அனுப்புவதில்லை.

களவு கொடுத்தவனை முதலிற் பிடிப்பது பயமன்று, வெட்கம். "ஏமாந்து போனாயே" என்று வீட்டார் சொல்வார்களே என அஞ்சி, இரண்டு மூன்று நாள் வாய் திறவாமல் இருந்துவிடுகிறான். திருடனுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. சுந்தரமூர்த்தி நாயனாரைப் பாருங்கள். சேரமான் பெருமாள் அளித்த பெருஞ் செல்வத்தோடு திரும்பி வருகையில், திருமுருகன்பூண்டிக்கருகே வேடுவர் அத்தனையையும் பறித்துக்கொண்டனர். நாயனார் மூலையில் முடங்கிக் கிடந்தாரா? நேரே அவ்வூர்க் கோயிலுக்குப் போனார். இப்படிப்பட்ட இடத்தில் நீர் எதற்காக இருக்கிறீர் என்று சுவாமியையே கேட்டார். அந்தப் பதிகம் ஏழாந் திருமுறையில் இருக்கிறது. வேடுவராய் வந்தவர்கள் சிவகணங்கள் என்பதனாற் பொருள் முழுவதும் திரும்பி வந்தது. நமக்கு அந்தப் பாக்கியம் கிட்டுவது அரிது. ஆனால் உடனே உரிய இடத்திற் போய் முறையிட்ட அந்தத் துணிவு நமக்கும் வேண்டும்.

நமது நாட்டோடு தொடர்புடைய இன்னொரு கதையும் உண்டு. மொரோக்கோ தேசத்து இபின் பத்தூத்தா 1344இல் இலங்கைக்கு வந்தார். புத்தளத்திலே ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டார். அரசர் அவரை அன்போடு உபசரித்து, மணிகள் முதலியன பரிசளித்து, சிவனொளிபாத மலைக்குச் செல்லத் துணையும் கொடுத்தனுப்பினார். பின்னர் மலையாளக் கரையிலிருந்து வடக்கே கப்பலிற் போகும்போது, பன்னிரண்டு கப்பல்களில் வந்த கடற்கொள்ளைக்காரர் அவரைச் சூழ்ந்துகொண்டனர். ஆபத்துக்கென்று சேர்த்து வைத்த பொருளும், இலங்கை அரசர் தந்த மணிகளும், உடுபுடைவைகளும் எல்லாம் போயின. காற்சட்டை ஒன்றே மிஞ்சியது. அந்தக் கோலத்திலே கள்ளிக்கோட்டைக்கு வந்து ஒரு பள்ளிவாசலுக்குள் நுழைந்தார். செய்தியறிந்த சட்ட அறிஞர் ஒருவர் ஓர் அங்கி அனுப்பினார். நீதிபதி தலைப்பாகை அனுப்பினார். வியாபாரி ஒருவர் இன்னோர் அங்கி அனுப்பினார். யாரிடம் போகவேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தெருவில் நின்று அழவில்லை.

அவர் நூலிலே இன்னொரு செய்தி என் மனத்தைத் தொட்டது. புகாரா நகரத்துப் பெரியோரின் கல்லறை வாசகங்களை அவர் பிரதி செய்து வைத்திருந்தாராம். கடலிலே கொள்ளை போனபோது அவையும் போய்விட்டன என்று வருந்துகிறார். மணிக்கு வேறு மணி வாங்கலாம். எழுதிய ஏட்டுக்கு என்ன செய்வது?

இன்றைய பிரயாணிக்கும் அதே கதிதான். காசு போனால் கடன் வாங்கலாம். கடவுச்சீட்டுப் போனால், அந்நிய தேசத்தில் நீ யாரென்று காட்ட உன்னிடம் ஒன்றுமில்லை. எனவே கடவுச்சீட்டின் முதற் பக்கம், விசா, வந்திறங்கிய முத்திரை பதிந்த பக்கம் ஆகியவற்றின் பிரதி ஒன்று பெட்டியிலும் இன்னொன்று வீட்டிலும் இருக்கட்டும். கைத்தொலைபேசியிற் படம் பிடித்து வைத்தேன் என்பீர்கள். முடிச்சுமாறி முதலிற் கொண்டு போவதே அதைத்தானே! அம்மாவின் நம்பரைக்கூட மனப்பாடமாகச் சொல்லத் தெரியாத காலம் இது. ஒரு துண்டுக் கடுதாசியில் நாலு நம்பர்களை எழுதிச் சட்டையின் உட்பையிற் போட்டுக்கொள்ளுங்கள்.

தொலைபேசி போய்விட்டால், இன்னொருவரிடம் இரவல் வாங்கி முதலிலே சிம் அட்டையை நிறுத்தச் சொல்லுங்கள். அடுத்ததாக வங்கிக்குச் சொல்லுங்கள். வங்கி அனுப்பும் இரகசிய எண் அந்தச் சிம்முக்கே போகிறது. அதை வேறு கருவியிற் போட்டுத் திருடன் வாசித்துவிடலாம். ஒவ்வொரு கருவிக்கும் பதினைந்து இலக்க எண் ஒன்று உண்டு. நட்சத்திரம், சதுரக் குறி, பூச்சியம், ஆறு, சதுரக் குறி என்று அழுத்தினால் அது தோன்றும். அதையும் அந்தக் கடுதாசியிலே எழுதி வையுங்கள். அந்த எண்ணைக் கொண்டு கருவியையே முடக்கும் ஏற்பாடு இந்திய அரசாங்கத்திடம் இருக்கிறது.

இனிப் பொலிஸ். 112 என்பது இந்தியா முழுவதற்கும் பொதுவான அவசர எண். ஓடும் றெயிலில் களவு போனால் பிரயாணத்தை இடையில் நிறுத்த வேண்டியதில்லை. ரிக்கற் பரிசோதகரிடம் முறைப்பாட்டுப் படிவம் இருக்கும், 139க்கும் அழைக்கலாம். "இது எங்கள் எல்லையில் நடக்கவில்லை" என்று ஒரு நிலையத்தார் சொன்னால் தயங்காதீர்கள். எல்லை எதுவாயினும் முறைப்பாட்டை ஏற்கவேண்டும் என்பதும், பிரதியை இலவசமாகக் கொடுக்கவேண்டும் என்பதும் 2024 யூலை 1 முதல் நடைமுறையிலுள்ள சட்டத்தில் இருக்கின்றன. இன்னொன்று: களவு போனதைக் "காணாமற் போனது" என்று எழுதச் சொன்னால் உடன்படாதீர்கள். இரண்டும் ஒன்றல்ல. காப்புறுதிக்காரர் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே காசு தர மறுப்பார்கள்.

இந்த வேளையில் இரண்டாவது திருடன் வருவான். முதலாமவனைவிட இவன் பொல்லாதவன், இனிமையாகப் பேசுவான். "எனக்கு ஸ்தானிகராலயத்தில் ஆளைத் தெரியும், கொஞ்சக் காசு தந்தால் முடித்துத் தருகிறேன்" என்பான். சீருடையின்றி வந்து தான் பொலிஸ் என்று சொல்லிப் பணப்பையைத் திறந்து காட்டச் சொல்பவனும் இந்த வகையே. நிலையத்துக்கு வந்து காட்டுகிறேன் என்று சொல்லுங்கள், போய்விடுவான்.

முறைப்பாட்டுப் பிரதியோடு சென்னையிலுள்ள இலங்கைப் பிரதி உயர்ஸ்தானிகராலயத்துக்குப் போகவேண்டும். வடக்கே இருந்தால் புதுதில்லி, மேற்கே இருந்தால் மும்பாய். அங்கே ஊர் திரும்புவதற்குரிய தற்காலிகப் பத்திரம் பெறலாம். அதோடு வேலை முடிந்ததென்று பலர் நினைத்து விமான நிலையத்துக்குப் போய்த் தடைப்படுகிறார்கள். புதிய பத்திரத்திலே இந்தியாவுக்குள் நுழைந்த முத்திரை இராது. ஆகையால் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் வெளியேறும் அனுமதியும் பெறவேண்டும். அதற்கு விண்ணப்பிக்கும்போதுதான் நான் முன்னே சொன்ன அந்த விசாப் பிரதியும் முத்திரைப் பிரதியும் கைகொடுக்கும். விசாக் காலம் முடிய இரண்டு நாள் இருக்கையில் இதைத் தொடங்கினால் இடர்ப்பாடுதான். களவு நடந்த அன்றைக்கே தொடங்கவேண்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. நள்ளிரவில் அறியாத நம்பரிலிருந்து பிள்ளை அழைத்தால், ஏசுவதை அவன் வீடு வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அவனுக்கு வேண்டியது வீட்டிலிருக்கும் அந்தப் பிரதியும், சாப்பாட்டுக்குக் கொஞ்சக் காசுமே. ஆனால் உண்மையாக அவன்தானா என்று வீட்டாருக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேட்டு நிச்சயித்துக்கொண்டு அனுப்புங்கள். பிள்ளையின் பெயரைச் சொல்லிக் காசு கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்த மாதம் புறப்படுகிற தம்பிமார் கூட்டம் முடிந்ததும் சற்றே நில்லுங்கள். அந்தக் கடுதாசித் துண்டை இங்கேயே எழுதிவிடலாம்.