அறை மேஜைமேல் ஒரு மடல்



வெளியூர் சென்று ஓட்டலில் தங்க நேரும்போது நம்மில் பலர் அறைக்குள் நுழைந்ததும் மின்விசிறியின் விசையைத் தேடுகிறோம்; பிறகு குளியலறைக் குழாயில் வெந்நீர் வருகிறதா என்று திருகிப் பார்க்கிறோம்; அதன்பின், மேஜைமேல் விரித்து வைத்திருக்கும் காகிதங்களை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் நம் மூக்குக் கண்ணாடியையும் மாத்திரை டப்பாவையும் வைக்கிறோம். அவ்வாறு ஒதுக்கப்படும் காகிதங்களுள் ஒன்றைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். மாதத்துக்கு ஒருமுறை ஓட்டல் நிர்வாகத்தார் தம் விருந்தினர்களுக்கென்று அச்சிட்டு அறைதோறும் வைக்கின்ற, நான்கு பக்கமோ ஆறு பக்கமோ உள்ள செய்தி மடல் அது. ஓட்டலில் நடந்தது பாதி, ஊரில் நடக்கப்போவது பாதி என்பது அதன் வழக்கமான அமைப்பு. இதையும் ஒரு கலையென்று மதித்து வானொலியில் விமரிசிக்க வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். வழிப்போக்கனுக்கு வழி சொல்வதைத் தனி இலக்கிய வகையாகவே வளர்த்து, பத்துப்பாட்டுள் ஐந்தை அதற்கே ஒதுக்கிய மொழி நம்முடையது என்பதை மட்டும் நினைவூட்டி மேலே செல்கிறேன்.

சிறுபாணாற்றுப்படையைப் படித்தவர்களுக்கு ஒரு விஷயம் ஞாபகம் இருக்கும். நல்லியக்கோடனிடம் பரிசில் பெறப் போகும் பாணனுக்கு, கடலோரத்து எயிற்பட்டினத்தில் சுட்ட உலர்மீன் கிடைக்கும் என்றும், காட்டுப் பக்கத்து வேலூரில் புளியிட்ட சூடான சோறும் வேட்டை இறைச்சியும் கிடைக்கும் என்றும், வயல் சூழ்ந்த ஆமூரில் வெண்சோறும் நண்டும் கிடைக்கும் என்றும், போகிற வழியின் கிரமப்படியே அந்தப் புலவர் சொல்லிக்கொண்டு போகிறார். எந்த இடத்தில், யார் வீட்டில், என்ன என்பது அதில் தெளிவாக இருக்கிறது. நாட்டில் உள்ள எல்லாவற்றையும் அடுக்கிக் காட்ட வேண்டும் என்ற ஆசை அவருக்கு இல்லை. பாணன் பசியோடு நடக்கிறான் என்ற நினைவு இருக்கிறது. இன்றைய ஓட்டல் மடல்களில் நான் தேடி ஏமாறுவது அந்த நினைவைத்தான். 'நகரில் அவசியம் காணவேண்டிய பத்து இடங்கள்' என்று ஒரு ஜாபிதாவை, ஜனவரிக்கும் ஜூலைக்கும் வித்தியாசமில்லாமல், மேலே மாதத்தின் பெயரை மட்டும் மாற்றி அச்சிட்டுவிட்டால், அது மாத மடல் ஆகிவிடுமா?

இந்தக் கேள்வியை எழுப்ப மதுரையைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. வருஷத்தின் பன்னிரண்டு மாதங்களுக்கும் பன்னிரண்டு வகை உற்சவம் வைத்திருக்கும் ஊர் அது. வைகாசியில் வசந்தம், ஆனியில் ஊஞ்சல், ஆடியில் முளைக்கொட்டு, புரட்டாசியில் நவராத்திரிக் கொலு, மார்கழியில் எண்ணெய்க் காப்பு, தையில் தெப்பம் என்று மீனாட்சியம்மன் கோயிலின் காலண்டரே ஒரு மாத மடலாக அமைந்திருக்கிறது. ராஜ்ய பாரம்கூட அங்கே மாதக் கணக்கில்தான். சித்திரையில் பட்டாபிஷேகம் கண்டு செங்கோல் ஏந்தும் மீனாட்சி நான்கு மாதம் ஆள்வதாகவும், ஆவணியில் சுந்தரேசுவரருக்கு மகுடம் சூட்டியபின் எஞ்சிய எட்டு மாதம் அவர் ஆள்வதாகவும் சம்பிரதாயம். அந்த ஊரில் ஓட்டல் வைத்திருப்பவர், 'இந்த மாதம் மதுரையை ஆள்பவர் இன்னார்' என்று மடலின் தலைப்பில் ஒரு வரி போட்டால், அயல்நாட்டு விருந்தாளி அன்றைக்கு மேஜைக் காகிதத்தை ஒதுக்கி வைப்பாரா என்று யோசித்துப் பாருங்கள். நான் பார்த்தவரையில் எவரும் அந்த வரியைப் போட்டதில்லை.

மடலோடு வரும் வரைபடத்தையும் சொல்லவேண்டும். கோயிலை நடுவில் வைத்து, அதைச் சுற்றிச் சித்திரை வீதி, அதற்கு வெளியே ஆவணி மூல வீதி, அதற்கும் வெளியே மாசி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாக வரைந்திருப்பார்கள். இவற்றுக்கெல்லாம் அப்பால், 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் பழைய கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்த இடத்தில் உண்டான வெளி வீதிகள் இருக்கும். மாதங்களின் பெயரால் வீதிகள் அமைந்த ஓர் ஊரின் படத்தைக் கையில் கொடுத்துவிட்டு, எந்த மாதத்தில் எந்த வீதியில் சுவாமி புறப்பாடு என்று சொல்லாமல் விடுவது, பூட்டைக் கொடுத்துச் சாவியைப் பையிலே வைத்துக்கொள்வது போன்றதாகும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சித்திரைத் திருவிழாவின் பெரிய தேர் ஓடுவது சித்திரை வீதியில் அன்று, மாசி வீதிகளில். முன்காலத்தில் மாசியில் நடந்த திருக்கல்யாணத்தையும் தேரையும் திருமலை நாயக்கர், அதாவது 1623 முதல் 1659 வரை ஆண்டவர், சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றுக்கு வரும் விழாவோடு இணைத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. மாதம் மாறியது, தேரோ தன் பழைய வீதியை விடவில்லை. படத்தின் கீழே இரண்டு வரிகளில் அடங்கக்கூடிய இந்த விவரம், பத்து இடங்களின் ஜாபிதாவைவிட அந்த ஊரைப் பற்றி அதிகம் சொல்லிவிடும் என்பது என் அபிப்பிராயம்.

சித்திரை என்றதும் என் சொந்த அனுபவம் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஓட்டலின் பெயரைச் சொல்வது மரியாதையாகாது. அழகர் ஆற்றில் இறங்குவதற்கு இரண்டு நாள் முன்பு அங்கே போய்ச் சேர்ந்தேன். மேஜைமேல் மடல் இருந்தது. முதல் பக்கம் முழுவதும் புதிதாகக் கட்டிய நீச்சல் குளத்தின் வர்ணப் படம். கடைசிப் பக்கத்தின் மூலையில், சிறிய எழுத்தில், 'உள்ளூர்த் திருவிழா காரணமாகச் சில சாலைகளில் போக்குவரத்து மாற்றம் இருக்கும். விருந்தினர்களுக்கு ஏற்படும் அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்' என்று ஓர் அறிவிப்பு. சுமார் 20 கிலோமீட்டர் தூரத்திலுள்ள மலையடிவாரத்திலிருந்து கள்ளர் வேஷத்தில் புறப்பட்டு, மண்டபந்தோறும் தங்கி, தல்லாகுளத்தில் எதிர்சேவை கண்டு, ஆண்டாள் சூடிய மாலையை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரவழைத்து அணிந்து, தங்கக் குதிரைமேல் ஏறி, விடியற்காலையில் வைகையில் இறங்குகிற ஒரு தெய்வத்தை, லட்சக்கணக்கான ஜனங்கள் இரவெல்லாம் மணலிலே விழித்துக் கிடந்து எதிர்கொள்கிற ஒரு காட்சியை, அசௌகரியம் என்ற ஒரே சொல்லில் அடைத்து வருந்திவிட்டார் அந்த மடலை எழுதிய புண்ணியவான்!

எனக்கு வழி சொன்னவர் வாசலில் நின்ற இரவுக் காவலாளி. "மூணு மணிக்கெல்லாம் கெளம்பிருங்க சார். காருக்குச் சொல்லாதீங்க, நடந்துதான் போகணும். செருப்ப இங்கனயே விட்டுட்டுப் போங்க, அங்க தொலைஞ்சா கெடைக்காது. செல்போன ஒரு பாலித்தீன் பையில சுத்திக்கங்க, தண்ணி பீச்சுவாய்ங்க" என்றார். பிறகு சற்று யோசித்து, "அழகர் என்ன கலர் பட்டு உடுத்தி வாராருன்னு மொதல்ல பாருங்க. பச்சைன்னா இந்த வருசம் வெள்ளாமை நல்லாருக்கும்" என்றும் சொன்னார். அவர் சொன்னபடியே சென்றேன். தோல்பையில் நீர் நிரப்பிக்கொண்டு வேஷதாரிகள் பீய்ச்சிய தண்ணீரில் நனைந்தேன். செம்பு நிறையச் சர்க்கரையை வைத்து அதன்மேல் சூடம் ஏற்றிக் காத்திருந்த குடும்பங்களுக்கு நடுவே நின்றேன். தங்கையின் கல்யாணம் முடிந்துவிட்டதென்று ஆற்றங்கரையில் கேள்விப்பட்டு ஊருக்குள் வராமலே வண்டியூர்ப் பக்கம் திரும்பிவிடும் அண்ணன் என்ற கதையை, பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி எனக்குப் புதிதுபோலச் சொல்ல, நானும் புதிதுபோலக் கேட்டேன். ஒரு மடல் செய்யவேண்டிய காரியத்தை அந்தக் காவலாளி ஐந்தாறு வாக்கியங்களில் செய்து முடித்துவிட்டார். எத்தனை மணிக்கு, எதை விட்டுவிட்டு, எதை முதலில் கவனித்து என்ற மூன்றும் அதில் இருந்தன.

நிர்வாகத்தார் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. மடல் வெளிவருவது ஆங்கில மாதத்தின் முதல் தேதியில். திருவிழாக்களோ திதியையும் நட்சத்திரத்தையும் பார்த்து நடப்பவை. அழகர் ஆற்றில் இறங்கியது 2022இல் ஏப்ரல் 16ஆம் தேதி. 2023இல் மே 5. 2024இல் ஏப்ரல் 23. 2025இல் மே 12. ஆகவே சென்ற வருஷத்து ஏப்ரல் மடலை எடுத்துத் தேதியை மாற்றி இந்த வருஷம் அச்சிட முடியாது. பக்கத்தில் ஒரு பாம்புப் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாதமும் புதிதாக உட்கார்ந்து எழுதவேண்டும். சிரமம்தான். ஆனால் அந்தச் சிரமத்தை ஏற்காவிட்டால் விளைவது என்ன தெரியுமா? தைத் தெப்பத்தன்று அம்மனும் சுவாமியும் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குப் புறப்பட்டுப் போய்விடுவதால் கோயில் நடை சாத்தியிருக்கும். ஆவணியில் புட்டுத் திருவிழா நாளிலும் அப்படியே. உலகத்தின் மறுகோடியிலிருந்து ஒரே ஒரு நாளுக்கு மதுரைக்கு வந்தவர், அந்த நாளில் மூடிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். அதே சாயங்காலம் நான்கைந்து கிலோமீட்டர் தூரத்தில், விளக்கொளியில், நீரின்மேல் தெப்பம் சுற்றி வருகிறது என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை.

சாதாரண நாட்களின் விஷயமும் இதுவே. நண்பகல் பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் மாலை நான்கு மணிக்குத்தான் திறக்கும் என்பதையும், அந்த இடைவேளையில் தமுக்கத்துக் காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்கோ திருமலை நாயக்கர் மகாலுக்கோ போய்வரலாம் என்பதையும், இரவு ஒன்பதரையை ஒட்டிச் சொக்கரின் பாதம் பல்லக்கில் பள்ளியறைக்கு எழுந்தருளும்போது, சந்நிதிக்குள் செல்ல இயலாத அயல்மதத்தாரும் பிராகாரத்தில் ஒதுங்கி நின்று பார்க்கலாம் என்பதையும் நல்ல மடல் சொல்லும். மேலமாசி வீதியில் ஒரு வீட்டு மாடியில் 1921 செப்டம்பர் 22ஆம் தேதி காந்தி தம் மேலாடையைத் துறந்து நான்கு முழத் துண்டுக்கு மாறினார் என்பதை அறிந்துகொண்டு அருங்காட்சியகத்துக்குப் போகிறவருக்கும், அறியாமல் போகிறவருக்கும் காட்சி ஒன்றாக இராது.

சாப்பாட்டு விஷயத்தில் எல்லா மடல்களும் ஜிகர்தண்டாவோடு நின்றுவிடுகின்றன. எனக்கு அதன்மேல் விரோதமில்லை. ஆனால் மார்கழிக் குளிரில் அதைச் சிபாரிசு செய்கிறவர், சுக்குத் தட்டிப் போட்ட பருத்திப்பால் தெருவில் கிடைப்பதைச் சொல்லாமல் விடுவானேன்? அழகர்கோயிலில் நெய்யிலே வார்க்கும் பிரசாத தோசையை எந்த மடலிலும் நான் கண்டதில்லை. மல்லிகையின் படம் மட்டும் தவறாமல் இருக்கும், 2013இல் புவிசார் குறியீடு பெற்ற பெருமையோடு. பனிக்காலத்தில் பூ வரத்துச் சுருங்கி விலை ஏறுவதையும், கோடை வந்தால் மாட்டுத்தாவணிச் சந்தையில் மூட்டை மூட்டையாக வந்து குவிவதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தப் படம் ஒரு மாதத்துக்கு உரியதாகும்.

ஓட்டலின் சொந்தச் செய்திகளைப் பற்றி ஒரு வார்த்தை. விருது பெற்றது, புதிய குளிர்சாதன மண்டபம் திறந்தது முதலியவை விருந்தினருக்குப் பிரயோஜனமற்றவை என்றாலும், நடத்துகிறவருக்கு அவற்றில் ஒரு திருப்தி இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ஒரு சமயம், வேறொரு ஊரில், வெகுகாலம் அடுப்படியில் இருந்து ஓய்வு பெறும் சமையற்காரரைப் பற்றி அரைப்பக்கம் எழுதியிருந்தார்கள். அவர் வந்த புதிதில் விறகடுப்பு இருந்ததும், சாம்பாருக்கு அவர் மட்டும் கையால் பொடி இடித்ததும் அதில் இருந்தன. அன்று இரவு சாம்பாரை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மதுரைக்குத் திரும்பி வருகிறேன். சென்ற ஆவணியில், முன்பு சொன்ன அதே ஓட்டலில் மறுபடியும் தங்க நேர்ந்தது. காலை உணவுக்கு இறங்கிச் சென்றபோது, வழக்கமான இட்லி, பொங்கலோடு ஒரு பாத்திரத்தில் புட்டும் இருந்தது. மடலில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. பரிமாறிய பெரியவரிடம், "இன்றைக்கு என்ன விசேஷம், புட்டு?" என்று கேட்டேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அவர் வீடு ஆரப்பாளையத்துப் பக்கமாம். சுவாமி அன்று எழுந்தருளும் புட்டுத்தோப்புக்கு நடந்து போகிற தூரமாம். வைகை கரை உடைத்து வந்ததையும், வீட்டுக்கு ஓர் ஆள் மண் சுமக்க வேண்டுமென்று பாண்டியன் உத்தரவிட்டதையும், ஆளில்லாத வந்திக் கிழவிக்காக ஈசனே கூடையெடுத்து வந்ததையும், "கூலி என்னா தெரியுங்களா ஐயா? உதுந்த புட்டு மட்டுந்தான். முழுசா இருக்கிறத கெழவி விக்கணும்ல! அன்னைக்கின்னு பாத்து அம்புட்டும் உதுந்து போச்சு" என்று, நேற்று அடுத்த தெருவில் நடந்ததைப்போல அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அரசன் கைப்பிரம்பு ஓங்கிய கட்டத்துக்கு வந்தபோது என் தட்டிலிருந்த புட்டு ஆறிப்போயிருந்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு போய்ச் சூடாக வேறு கொண்டுவந்து வைத்தார். அடுத்த மேஜையில் இருந்த வெள்ளைக்காரத் தம்பதிகள், என்ன கதை என்று புரியாமல், எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மாதத்து மடல், நீச்சல் குளத்துப் படம் மேலே தெரியும்படி, அவர்களுடைய காப்பிக் கோப்பையின் அடியில் கிடந்தது.