கோப்பு எவர்க்கு உரியது?

(செங்கற்பட்டில் தமிழன்பர்களிடையே ஆற்றிய உரை)



கோவளம் முதல் மாமல்லபுரம் வரையுள்ள மீனவர்தம் நாவில் வாழும் மீன்பெயர்களையும் கொண்டல், வாடை முதலாய காற்றுப்பெயர்களையும் நம் மாணவர் தொகுத்து இணையத்தளத்தில் ஏற்றி வருகின்றனர். பிஎச்பி மொழியில் எழுதிய குறுநிரல் ஒன்று, வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கோப்பை ஆக்கி வைக்கும். (ஓலைகளைக் கோத்து வைத்த இனத்திற்குக் கோப்பு என்னும் சொல் புதிதன்று.) அண்மையில் ஒரு பிழையைத் திருத்தப் புகுந்த மாணவர்க்கு ‘இசைவில்லை’ என்றே விடை வந்தது. தாம் தொகுத்த சொல்லைத் தாமே திருத்த இயலவில்லை! குடிக்கூலிக்கு இடந்தந்த நிறுவனத்தாரோ, “அடைவுக்கு 777 இடுங்கள்” என்று கூறி ஒதுங்கினர்.

அதன் பொருள் யாது? இலினக்சு வழங்கியில் உரியவர், குழுவினர், பிறர் என மூவர்க்கு இசைவு வகுக்கப்படும். படித்தற்கு 4, எழுதற்கு 2, இயக்குதற்கு 1. அடைவாயின் அந்த 1 உள்நுழையும் இசைவாகும். எனவே கோப்புக்கு 644 என்றால் உரியவர் மட்டுமே எழுதுவார். ஏனையோர் படிப்பதோடு நிற்பர். அடைவுக்கு 755 போதும். 777 என்பதோ, வீட்டுமனையைப் புறம்போக்கு ஆக்குவது. ஒரே பொறியில் பல தளங்கள் குடியிருக்கும் கூட்டு வழங்கியில், காவல் தளர்ந்திருப்பின், அடுத்த தளத்தில் புகுந்த கள்வன் நம் அடைவிலும் தன் நிரலைச் செருகுவான். அன்றியும், முன்பே ஆகிவிட்ட கோப்பின் உரியவரை 777 மாற்றாது.

நோயின் வேர் வேறு. மாணவர் தாமே ஏற்றிய கோப்பு அவர் கணக்கிற்கு உரியது. குறுநிரல் ஆக்கிய கோப்போ, அக்குறுநிரலை வழங்கி எவர் பெயரால் இயக்குகின்றதோ, அவர்க்கே உரியது. அவ்வழங்கியில் எல்லாத் தளங்களின் குறுநிரல்களும் ‘ஒருவருமிலார்’ என்னும் பொருள்தரும் ஒரே பொதுப்பெயரால் ஓடின. நம் சொற்கள் ஒருவருமிலார்க்கு உடைமையாயின!

நம் கணக்கின் பெயராலேயே குறுநிரல் ஓடவேண்டும் என்று கேட்டோம். இன்றைய வழங்கிகள் பலவற்றில் அதுவே வழக்கம். அவர்களும் இசைந்தனர். பழைய கோப்புகளைப் படிக்கத் தடையில்லையாதலின், மாணவர் அவற்றைப் படியெடுத்துப் புதிய அடைவில் ஏற்றினர். படிகள் அவர்தம் உடைமையாயின. புதிய கோப்புகள் 644 ஆகவும் அடைவுகள் 755 ஆகவும் பிறக்க, இசைவு மறைப்பெண்ணை 022 என வைத்தனர். கடவுச்சொல் அடங்கிய கோப்புக்கு மட்டும் 600. இதனைக் குறுநிரல் நம் பெயரால் ஓடத் தொடங்கிய பின்னரே இடுதல் வேண்டும். முன்னரே இட்டால் குறுநிரலே அதனைப் படிக்கமாட்டாமல் தளம் நின்றுவிடும்.