கோழிக்குஞ்சுகளின் கண்ணோயும் சுவாச நோயும்

(சங்கக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



கோழிக்குஞ்சின் நோயைப்பற்றிப் பேசவும் ஒரு சங்கம் கூடவேண்டுமோவென்று சிலர் நகைக்கலாம். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து வானம் பார்த்த பூமியில் மழை பொய்த்த வருஷம் வெள்ளாமை கைவிடும், கொல்லைக்கோழி கைவிடாது. பிள்ளையின் புஸ்தகத்திற்கும் கிழவியின் மருந்திற்கும் நம் பெண்மக்கள் பிறரிடம் கையேந்தாது எடுத்துக்கொடுப்பது கோழி விற்ற பணமன்றோ? அப்பொருள் குஞ்சுப் பருவத்திலேயே அழிவதைத் தலைவிதியென்று விடுதல் தகாது.

கண் வீங்கி நீர் வடிந்தாலே எல்லாம் ஒரே நோயென்று எண்ணுகிறோம். காரணங்கள் மூன்று, பரிகாரமும் வெவ்வேறு.

முதலாவது இருப்பிடம். எச்சம் ஈரத்தோடு கிடந்து எழும் அம்மோனியா என்னும் காரவாயு, கண்ணையும் மூச்சுக்குழலையும் புண்ணாக்கும். கூட்டருகே குனியும்பொழுது நமது மூக்கே எரியுமானால், தரையோடு கிடக்கும் குஞ்சின் நிலையைச் சொல்லவேண்டா. எச்சத்தை நாள்தோறும் வாரிக் காய்ந்த மணல் பரப்பி, காற்றோட்டம் உண்டாக்குக.

இரண்டாவது தீனி. சோளமும் நொய்யும் வயிற்றை நிரப்பும். வைட்டமின் 'ஏ' என்னும் சத்தை அளியா. கோடையில் பச்சிலை காணாத குஞ்சிற்கு இமை ஒட்டி, உள்ளே தயிர்க்கட்டிபோல் வெண்பொருள் திரளும். வறட்சியிலும் தழைக்கும் முருங்கையின் கீரையைப் பொடியாக அரிந்து தினந்தோறும் இடுவதே இதற்குக் காசில்லாக் காப்பு.

மூன்றாவது தொற்று. முகம் வீங்கி, மூக்கில் நாற்றமுள்ள சளி ஒழுகுமாயின் அது பெரும்பாலும் பாக்டீரியாவால் வருவது. கால்நடை வைத்தியர் குறிக்கும் மருந்தை, குறித்த நாள்வரை கொடுத்தால் தணியும். வாய் திறந்து மூச்சுவாங்கி, பச்சையும் வெள்ளையுமாய்க் கழிந்து, கழுத்துத் திருகுமாயின் அது இராணிக்கேத் என்னும் கோழிக்கழிச்சல். 1926ஆம் வருஷத்தில் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாஸிலிலும் கண்ட இந்நோய், பின்னர்க் குமாவோன் மலையிலுள்ள இராணிக்கேத்தில் காணப்பட்டமையால் இங்கு அப்பெயர் பெற்றது. இது வைரஸால் வருவது. வந்தபின் தீர்க்கும் மருந்தில்லை. வருமுன் காக்கும் மருந்துண்டு. 1932இல் தோன்றிய இராணிப்பேட்டை ஸ்தாபனம் கால்நடைகளுக்கான இத்தகைய தடுப்பு மருந்துகளைத் தயாரிக்கிறது. ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டாம் வாரத்தில் இறக்கையடியில் ஊசி.

இங்கேதான் சங்கத்தின் கடமை வருகிறது. ஒரு குப்பி மருந்து நூறு கோழிக்கும் மேற்பட்டே வரும். பனிக்கட்டியில் வைத்துக் கொணரவேண்டும். கரைத்தபின் இரண்டொரு மணிக்குள் செலவழிக்கவேண்டும். எந்த ஏழை வீட்டில் நூறு கோழியுண்டு? தனிவீட்டாருக்கு அரிதாவது தெருவார் ஒருங்குகூடின் எளிதாம். ஒரு வீடு காத்து, அடுத்த வீடு காவாதிருப்பின் நோய் தெருவைவிட்டு நீங்காது.

மற்றொன்றும் மனம் நொந்து கூறுகிறோம். கோழி சோர்ந்தவுடன் விரைந்து சந்தைக்குக் கொண்டுபோய் விற்றுவிடுகிறோம். நாம் தப்பியதாக எண்ணும் நஷ்டம் மற்றொரு விதவையின் கொல்லைக்குப் போய்ச் சேருகிறது. நோயுற்றதைத் தனியே பிரித்து வையுங்கள். செத்ததைச் சுண்ணாம்பிட்டு ஆழப் புதையுங்கள். புதிதாக வாங்கியதை மூன்று வாரம் ஒதுக்கி வையுங்கள். இந்நோய் மனிதர் கண்ணையும் சிவக்கச்செய்யும். ஆதலால் தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுங்கள்.

தெருவுக்கு ஒருவர் குஞ்சுகளின் கணக்கெடுத்து, கால்நடை மருந்தகத்தாரிடம் நாள் குறித்து வருவாராக. நோய்க்கோழியைச் சந்தைக்கு அனுப்புவதில்லையென்று நாம் அனைவரும் இன்றே உறுதிகொள்வோமாக.