பிறந்த 24 மணி நேரத்திற்குள்

(ஜும்ஆ தொழுகைக்குப் பின் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)

 

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்தார் நம்மிடம் வந்தனர். கர்ப்பிணியான மருமகளின் இரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி இருப்பதாகச் சீட்டு வந்துள்ளது என்றும், அவளைத் தாய்வீட்டிற்கே அனுப்பிவிட எண்ணுவதாகவும் கூறினர். நாம் ஓதி ஊதித் தண்ணீர் கொடுத்து, பொறுமை காக்கச் சொல்லி அனுப்பினோம். பிறக்கும் பிள்ளைக்கு ஊசி போட ஏற்பாடு உண்டா என்று கேட்கத் தவறினோம். அந்தக் குறையை ஒப்புக்கொண்டே இன்று பேசுகிறோம்.

இக்கிருமி இரத்தத்தின் வழியாகவும், தாம்பத்திய உறவின் வழியாகவும், பிரசவ வேளையில் தாயிடமிருந்து சேய்க்கும் பரவுகிறது. ஒரே தட்டில் உண்பதாலோ அணைப்பதாலோ பரவாது. பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றில் ஐவருக்கும் குறைவானவர்களிடமே அது நிலைத்துத் தங்கும். பிறக்கும்போது தொற்றிய குழந்தைகளிலோ நூற்றுக்குத் தொண்ணூறு பேரிடம் தங்கிவிடும். பல்லாண்டுகள் வெளியில் தெரியாமல் இருந்து, ஈரல் சுருக்கமாகவும் புற்றுநோயாகவும் வெளிப்படக்கூடும்.

காமாலை என்றதும் நம்மவர் கீழாநெல்லியைத் தேடுகின்றனர். 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன், இக்கிருமியைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்குடன் சேர்ந்து அதனை ஆராய்ந்து நம்பிக்கையூட்டும் முடிவை வெளியிட்டார். பின்னர் பிற இடங்களில் நடந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. ஆகவே மூலிகையை நம்பித் தடுப்பூசியைக் கைவிடலாகாது.

செய்ய வேண்டியவை எளியவை. கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் முதல் தடுப்பூசி போடப்பட வேண்டும். தாய்க்குத் தொற்று இருந்தால் இம்யூனோகுளோபுலின் ஊசியும் உடன் தேவை. கிருமி மிகுந்திருந்தால் தாய்க்கு மாத்திரையும் உண்டு. பிறகு 6, 10, 14ஆம் வாரங்களில் ஐந்து நோய்த் தடுப்பூசி. தமிழகத்தில் இது 2011 டிசம்பரில் தொடங்கியது. இவற்றைச் செய்தபின் தாய் தாராளமாகப் பாலூட்டலாம். முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும், திண்டிவனம் அரசு மருத்துவமனையானாலும், தனியார் மருத்துவமனையானாலும், முதல் நாள் ஊசியைக் கேட்டுப் போடுங்கள்.

கணவன்மார்களே! நீங்களும் பரிசோதித்துக்கொள்ளுங்கள், தொற்று இல்லையெனில் தடுப்பூசி போடுங்கள். மனைவிக்குத் தன் தாயிடமிருந்தே, பிறந்த அன்றே இது வந்திருக்கலாம். அவள்மீது பழி சுமத்துவது அநீதி. அகீகாவில் முடி இறக்கவும், கத்னாவுக்கும் ஒருவருக்குப் பயன்படுத்திய கத்தியை மற்றவருக்குப் பயன்படுத்த விடாதீர்கள்.

மருத்துவம் செய்துகொள்ளத் தூண்டிய மார்க்கம் நம்முடையது. துஆவும் செய்வோம், ஊசியும் போடுவோம். வல்ல அல்லாஹ் நம் சந்ததிகளைப் பாதுகாப்பானாக! ஆமீன்.