கொலம்பியாவில் தப்பிய ஹார்டு டிஸ்க்

2003 பிப்ரவரி 1. கல்பனா சாவ்லா பயணித்த கொலம்பியா விண்வெளி ஓடம் தரையிறங்கும் முன்பே வானில் சிதறியது. சில மாதங்கள் கழித்து, டெக்சாஸில் வறண்டு கிடந்த ஏரிப் படுகையில் கருகிய ஹார்டு டிஸ்க் ஒன்று கிடைத்தது. வெளியே எல்லாம் வெந்திருந்தாலும், தகவல் பதியும் வட்டத் தகடுகள் தப்பியிருந்தன. மினியாபொலிஸ் நிபுணர்கள் அவற்றைச் சுத்தம் செய்து, வேறொரு டிஸ்க்கில் பொருத்தி, சுமார் 99 சதவீதத் தகவலை மீட்டார்கள். அதிலிருந்த செனான் வாயுச் சோதனையின் முடிவு 2008-இல் வெளியானது.

அதற்காக, ஏற்காட்டின் கொட்டச்சேட்டு காப்பித் தோட்டத்து வீட்டில் டிஸ்க் பழுதானால் யாரும் ஸ்க்ரூ டிரைவரைத் தூக்க வேண்டாம்!

டிஸ்க் சுழலும்போது, படிக்கும் முனை தகட்டுக்குச் சில நானோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறது. அதற்கு ஒரு தூசு, ஏற்காடு மலைப்பாதையில் உருண்டு விழுந்த பாறை மாதிரி. பழுதான டிஸ்க்கை ஃப்ரீசரில் வைத்தால் பிழைத்துக்கொள்ளும் என்பார்கள். ஆனால் வெளியே எடுத்ததும் ஈரம் படியும். மலைக்காற்றில் அது இன்னும் அதிகம்.

வீட்டில் முதலில் கேபிளையும் அடாப்டரையும் மாற்றிப் பார்க்கலாம். டிஸ்க் மெதுவாகவாவது ஓடினால், லினக்ஸில் இலவசமாகக் கிடைக்கும் 'டிடிரெஸ்க்யூ' மூலம் வேறொரு டிஸ்க்கில் முழு நகல் எடுத்து, அந்த நகலில் கோப்புகளைத் தேடலாம். 'டக் டக்' என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிட்டு, தூசில்லா அறை வைத்திருக்கும் மீட்பு நிலையத்திடம் கொடுக்க வேண்டும்.