புளித்த உணவும் உடல் அழற்சியும்



அப்ப மாவைப் புளிக்கவைக்க ஊரில் கள் சேர்ப்பது வழக்கம். கள் கிடைக்காத நாடுகளில் கடையில் விற்கும் ஈஸ்ட் அதன் இடத்தைப் பெற்றது. மாவைப் பொங்கச் செய்யும் இந்த நுண்ணுயிர் உடலின் அழற்சியையும் தணிக்குமா என்பதே இவ்வுரையின் பொருள்.

காயம்பட்ட இடம் சிவந்து வீங்குவது உடலின் தற்காப்பு. அதுவே அழற்சி. அது தணியாமல் நீடிக்கும்போது மூட்டுகள், குடல், இரத்தக் குழாய்கள் ஆகியவற்றைப் பாதிக்கிறது.

ஈஸ்ட் சர்க்கரையை உண்டு காற்றை வெளியிடுவதோடு நிற்பதில்லை. உணவிலுள்ள டிரிப்டோபன், டைரோசின் என்னும் அமினோ அமிலங்களை டிரிப்டோபால், டைரோசால் என்னும் சேர்மங்களாகவும் மாற்றுகிறது. கெஃபிர் என்னும் புளித்த பாலிலுள்ள ஈஸ்ட்டை ஆராய்ந்த இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இவ்வகைச் சேர்மங்கள் அழற்சியைக் குறைப்பதை உயிரணுக்களிலும் எலிகளிலும் கண்டனர்.

மனிதர்களிடம் நடந்த ஆய்வும் உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட ஆய்வில் 36 பேர் பங்கேற்றனர். தயிர், கெஃபிர், கிம்ச்சி போன்றவற்றை 10 வாரங்கள் மிகுதியாக உண்ட பிரிவினரின் இரத்தத்தில், அழற்சியோடு தொடர்புடைய 19 புரதங்கள் குறைந்தன. எனினும் அவ்வுணவுகளில் பாக்டீரியாக்களும் இருந்தமையால், பலன் முழுவதையும் ஈஸ்ட்டுக்கு உரியதாகக் கொள்ள இயலாது. பங்கேற்றோர் உடல்நலம் உள்ளவர்கள். நோய் குணமானதாக அந்த ஆய்வு கூறவில்லை.

ஆகவே புளித்த உணவு நல்ல உணவு, மருந்தன்று. மூட்டுவாதத்திற்கோ குடல் அழற்சிக்கோ மருந்து உட்கொள்பவர் அதனைத் தாமாக நிறுத்தினால், அடங்கியிருந்த நோய் மீண்டும் தீவிரமடைந்து நிலையான பாதிப்பை உண்டாக்கலாம். அப்பத்தைச் சுடும்போது அதிலுள்ள ஈஸ்ட் இறந்துவிடுகிறது என்பதும், ஊறுகாயிலும் கிம்ச்சியிலும் உப்பு மிகுதி என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர், உறுப்பு மாற்றம் செய்துகொண்டோர், நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து உட்கொள்வோர், பெருஞ்சிரையில் குழாய் பொருத்தப்பட்டோர் ஆகியோருக்கு உயிருள்ள ஈஸ்ட் இரத்தத்தில் கலந்து கடும் தொற்றை ஏற்படுத்தக்கூடும். இவர்கள் ஈஸ்ட் அடங்கிய மாத்திரைகளையும் கெஃபிர் போன்றவற்றையும் மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளலாகாது.

குடும்ப மருத்துவரைச் சந்திக்கும்போது, வீட்டில் உண்ணும் புளித்த உணவுகளையும் கடையில் வாங்கும் மாத்திரைகளையும் தெரிவிப்பது நன்று. மொழி தடையாக இருப்பின், சந்திப்பைப் பதிவு செய்யும்போதே உரைபெயர்ப்பாளர் தேவை எனக் கேட்கலாம்.