கீற்றுக் கூரை மாடி ஏறிய கதை

புதுச்சேரி அருகேயுள்ள குயிலாப்பாளையம் கடைத்தெருவில் நடந்தால் கண்ணில் படுவதெல்லாம் கான்கிரீட் வீடுகள். கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். பல மொட்டை மாடிகளில் சவுக்குக் கம்பு நட்டு, மேலே தென்னங்கீற்று போட்டிருப்பார்கள். ஒரு காலத்தில் அந்தக் கீற்றுதான் வீட்டுக்கே கூரை.

அந்தப் பழைய வீட்டுக்கு வேண்டியது எல்லாம் ஊரிலேயே கிடைத்தது. காலடியில் இருந்த செம்மண்ணைக் குழைத்து, ஒரு படை வைத்து, அது காய்ந்த பிறகு அடுத்த படை வைத்துச் சுவர் எழுப்பினார்கள். மண் சுவருக்கு எமன் ஐப்பசி, கார்த்திகை அடைமழை. அதனால்தான் கூரையை நல்ல சரிவாகப் போட்டு, இறவாரத்தை இடுப்பு உயரம் வரை இறக்கினார்கள். உள்ளே போக யாரானாலும் குனிய வேண்டும். சுவர் நனையாது, வெயிலும் ஏறாது.

தென்னை மட்டையை நடுவே பிளந்து தண்ணீரில் ஊறப்போடுவார்கள். ஊறினால் ஓலை பதமாகி முடையும்போது உடையாது, பூச்சி அரிப்பும் குறையும். முடைந்த கீற்றை நெருக்கமாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி கட்ட வேண்டும். இடைவெளி விட்டால் முதல் மழையிலேயே ஒழுகும். அடுப்புப் புகைக்கும் இதில் பங்கு உண்டு. புகை ஏறிய கூரையைப் பூச்சி அவ்வளவாக அண்டாது. ஆனாலும் இரண்டு மூன்று வருஷத்தில் பிரித்து மேய்ந்தே ஆக வேண்டும்.

1968 பிப்ரவரி 28இல் ஊருக்குப் பக்கத்தில் ஆரோவில் என்ற சர்வதேச நகரம் தொடங்கியது. மறு வருஷமே ஊரை ஒட்டி ‘ஆஸ்பிரேஷன்’ குடியிருப்பு வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் கீற்றின் கீழ்தான் குடியேறினார்கள். பிறகு கருங்கல் கால் மேல் மரச்சட்டம் நிறுத்தி, தரையிலிருந்து உயர்த்திய குடில்களும் வந்தன. கரையான் எளிதில் ஏறாது, காற்று கீழே ஓடும். நல்ல யோசனை. ஆனால் விரும்பி எடுத்துக்கொண்ட எளிமையும், வேறு வழியில்லாத எளிமையும் ஒன்றல்ல.

தீ என்றால் கீற்று தாங்காது. 2004 ஜூலை 16, கும்பகோணம் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. லண்டனில் 1666 பெருந்தீக்குப் பிறகு, வேய்ந்த கூரையோடு எழும்பிய முதல் கட்டடம் 1997இல் திறந்த குளோப் நாடக அரங்கம் என்பார்கள். நாணல் கூரைதான், ஆனால் தீ பிடித்தால் தண்ணீர் பீய்ச்சும் குழாய் கூரையிலேயே இருக்கிறது. குடிசைக்காரர் அதற்கு எங்கே போவார்?

அடுத்தது புயல். 2011 டிசம்பர் 30 அதிகாலை ‘தானே’ கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. இந்தப் பக்கம் கூரைகள் பறந்தன, முந்திரித் தோப்புகள் சாய்ந்தன. அதே வருஷம் தமிழக அரசு அறிவித்த பசுமை வீடு திட்டத்தில் 300 சதுர அடி வீட்டுக்கு 1.8 லட்சம் ரூபாய் ஒதுக்கினார்கள். தளம் கான்கிரீட்.

ஆரோவில் மண் கட்டடக் கழகத்திடம் வேறொரு வழி இருந்தது. இதே செம்மண்ணோடு சுமார் 5 சதவீதம் சிமெண்ட் கலந்து, இயந்திரத்தில் அழுத்தி எடுக்கும் கட்டி. சூளை வேண்டாம், விறகு வேண்டாம். அந்தக் கட்டியால் கட்டிய பார்வையாளர் மையம் 1992இல் ஏழைகளுக்கான கட்டடக்கலைக்காக, கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி பெயரிலான விருதையும் வாங்கியது. சுற்று ஊர்களில் சொந்த வீடு கட்டுகிறவர்கள் மட்டும் பெரும்பாலும் செங்கலுக்கும் சிமெண்டுக்கும்தான் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பெண் கேட்டு வருகிறவர் முன்னால் மண் சுவர் இன்னமும் வறுமைக் கணக்கில்தான் சேர்கிறது. சித்திரை வெயிலில் கான்கிரீட் தகிக்கும்போது, மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டுச் சமாளித்துக்கொள்கிறார்கள்.